மூடியைத் திறந்து பார்த்துட்டு திட்டம் போடுங்க சார்!

பெருமழை பெய்தால் சென்னையில் தெருவுக்குத் தெரு ஒரு காட்சி. முழங்கால் தண்ணீரில் நாலு பேர் நின்றுகொண்டு, கடப்பாரையால் பாதாள சாக்கடை மூடியை நெம்பிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "தண்ணி வடியட்டும் சார்!" என்பார்கள்.

வடியுமா? அந்தக் குழாய் வீட்டுக் கழிவுக்காகப் போட்டது. மழைத் தண்ணீருக்கு வேறு கால்வாய். அதை மாநகராட்சி பார்க்கிறது, இதைக் குடிநீர் வாரியம் பார்க்கிறது. மழைத் தண்ணீர் இதற்குள் புகுந்தால் குழாய் நிரம்பி, பள்ளத்தில் இருக்கிறவர் வீட்டுக் கக்கூஸ் வழியாக மேலே வரும். மேட்டுத் தெருக்காரர் மூடியைத் திறக்கிறார். பள்ளத் தெருக்காரர் வீடு நாறுகிறது!

சென்னை தட்டையான ஊர். கழிவு தானாக ஓடும் அளவுக்குச் சரிவு கிடையாது. குழாய் போகப் போக ஆழம் கூடும். ஓர் அளவுக்கு மேல் தோண்ட முடியாது. அங்கே கிணறு வெட்டி, பம்பு வைத்து மேலே ஏற்றி அனுப்ப வேண்டும். மழையில் கரண்ட் போய் அந்தப் பம்பு நின்றால், பேட்டையே மூக்கைப் பிடிக்க வேண்டியதுதான்.

சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2019-ல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தினம் தலா 4½ கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. பலே! அந்த அளவுக்குக் குடிதண்ணீர் மிச்சம். ஆனால் நிலையத்துக்கு வந்தே சேராத கழிவு எங்கே போகிறது? கூவத்தைக் கேட்டால் சொல்லும்.

2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோ மீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. போர்டு மாறியது. குழாய்? சேர்த்த பல பகுதிகளில் ஜனங்கள் வருஷக்கணக்கில் செப்டிக் டேங்கையும் லாரியையும் நம்பித்தான் காலம் தள்ளினார்கள்.

"இணைப்புக்கு ஜனங்க பணம் கட்ட மாட்டாங்க" என்று சில அதிகாரிகள் சொல்லுவார்கள். ஆலந்தூரை மறந்துவிட்டார்களா? அது தனி நகராட்சியாக இருந்தபோது, 1990-களின் கடைசியில், பாதாள சாக்கடைக்காக வீட்டுக்கு 5 ஆயிரம் ரூபாய் ஜனங்களே முன்பணம் கட்டினார்கள். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, கணக்கைச் சொல்லிக் கேட்டார்கள், கொடுத்தார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. ஓட்டல் எண்ணெய்ப் பிசுக்கு, பிளாஸ்டிக் பை, பழந்துணி எல்லாம் அந்தக் குழாயில்தான். அடைத்துக்கொண்டால் ஒரு ஆளைப் பிடித்து உள்ளே இறக்குகிறார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்! இருந்தும் விஷவாயு தாக்கிச் சாவு என்ற செய்தி நின்றபாடில்லை. முதலாளிமார்களே, பிசுக்குத் தொட்டி கட்ட ஆகும் செலவு ஓர் உயிரைவிடப் பெரிசா?

அடுத்த திட்டம் போடும்போது கோடிக் கணக்கை அப்புறம் சொல்லுங்கள். எந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு இல்லை, எந்தப் பம்புக்கு ஜெனரேட்டர் இல்லை என்ற பட்டியலை முதலில் வார்டு ஆபீஸ் வாசலில் ஒட்டுங்கள். வேலைக்குப் போகிற வழியில் நாங்களே நின்று படித்துக்கொள்கிறோம்.