ஹலால் மட்டும் போதுமா?



'பிஸ்மில்லாஹ்' கூறி முறைப்படி அறுத்துவிட்டால் கடமை முடிந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். திருமறையோ உணவைப் பற்றிக் கூறுமிடத்து, ஹலாலோடு 'தய்யிப்' என்பதையும் சேர்த்தே கூறுகிறது. தூய்மையானது, நல்லது என்பது அதன் பொருள். முதலாவதற்கு அறுப்பவர் பொறுப்பு. இரண்டாவதற்கு யார் பொறுப்பு?

தஞ்சைத் தரணியில் ஆடுகள் வாய்க்கால் கரையிலும் அறுவடையான வயல்களிலும் மேய்கின்றன. ஈர நிலத்து நத்தைகளில் வளரும் தட்டைப்புழு, புல்லோடு ஆட்டின் உடலிற் புகுந்து ஈரலில் குடியேறுகிறது. உயிரோடு நிற்கும் ஆட்டைப் பார்த்து இதனை எளிதில் அறிய இயலாது. அறுத்தபின் கால்நடை மருத்துவர் ஈரலைக் கீறிப் பார்த்தே அறிவார். நுரையீரலில் நோயுள்ள நீர்க்கட்டி இருந்து, அதனைத் தெருநாய்க்கு எறிந்துவிட்டால் என்ன ஆகும்? கட்டியிலுள்ள புழு நாயின் குடலில் வளரும். அதன் முட்டைகள் மண்ணிற் கலக்கும். அம்மண்ணில் விளையாடும் நம் குழந்தையின் கைவழியே உடலினுள் செல்லும்.

சட்டம் இல்லாமலில்லை. மத்திய அரசு 2001-ஆம் ஆண்டு வகுத்த அறுவைக்கூட விதிகளின்படி, மருத்துவரின் சான்றின்றிப் பிராணிகளை அறுக்கலாகாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளொன்றுக்கு 96 பிராணிகளுக்கு மேல் சோதிக்கலாகாது என்பது வரை அவை வரையறுத்துள்ளன. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியதே. ஆனால், சட்டம் டில்லியில். கால்நடைத் துறை மாநிலத்தின் கையில். ஆட்டுத் தொட்டியோ நகராட்சியின் பொறுப்பில். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தால் ஆட்டை யார் பார்ப்பது? 2012-இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, இதற்கென மாநிலந்தோறும் குழுக்கள் இயங்குமாறு பணிக்க வேண்டியதாயிற்று.

இவர்கள் இணைந்து பணியாற்ற இயலாதவர்களும் அல்லர். வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் இறைச்சியைப் பாருங்கள். ஆலையைப் பதிவு செய்வது மத்திய அரசின் நிறுவனம். சோதித்துச் சான்றளிப்பது மாநிலக் கால்நடைத் துறையின் மருத்துவர். துபாயில் உழைக்கும் மகனின் தட்டுக்குக் கிடைக்கும் இக்காவல், அய்யம்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் இருக்கும் தாயின் அடுப்பங்கரைக்கு மட்டும் ஏன் கூடாது?

அதிகாரி கறிக்கடைக்குள் வந்தால் மார்க்கத்தில் தலையிடுகிறார் என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. முற்கால இஸ்லாமிய ஆட்சிகளில் 'முஹ்தஸிப்' என்னும் அங்காடிக் கண்காணிப்பாளர் இறைச்சிக் கடைகளையும் சோதித்தார் என்பதை அவர்கள் அறியார் போலும்!

ஆகவே, கறி வாங்கும்போது மருத்துவர் பார்த்தாரா என்று கேளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே ஜமாஅத்தார் கால்நடைத் துறைக்கும் நகராட்சிக்கும் விண்ணப்பம் அளித்து, குர்பானி கொடுக்கும் இடத்திற்கு மருத்துவரை வரவழையுங்கள். கழிவுகளைப் புதைக்க ஆழக் குழியும் வெட்டி வையுங்கள்.