குளிசையைக் கேட்பதற்கு முன் வேலையைச் சொல்லுங்கள்



முதுகு வலிக்காரர் இல்லாத லயம் மலையகத்தில் இல்லை. மழை மலையில் கொழுந்து மூட்டையோடு சறுக்கி விழுந்தவர், கான் வெட்டும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டவர், மருந்து டாங்கியைத் தூக்கும்போது முதுகு இழுத்துக்கொண்டவர் என்று எந்த லயத்திலும் ஒருவராவது இருப்பார். விழுவது ஒரு நொடியில் முடிந்துவிடும். வலியோ மாதக்கணக்கில் கூடவே இருக்கும்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் நம்மை அறிந்த டொக்டர் மாற்றலாகிப் போய்விடுவார். புதியவர் வருவார். நாம் கிளினிக் கொப்பியை நீட்டி, “போன டொக்டர் குடுத்த அந்தக் குளிசையே குடுங்க” என்போம். அவர் முகம் மாறும். நாலு கேள்வி கேட்பார், பனடோல் எழுதிக் கொடுப்பார். “இந்த டொக்டர் சரியில்லை” என்று திரும்பி வருவோம். அடுத்த நாள் பிரட்டுக்குப் போவதா, வீட்டில் கிடந்து பேரை இழப்பதா என்பதே நம் கவலை. இது பல தோட்டங்களில் நடக்கும் கதை.

இந்த இடத்தில் டொக்டரை மட்டும் குறை சொல்வது சரியல்ல என்பது எமது கருத்து. டிரமடோல், பிரிகபலின் போன்ற குளிசைகள் பழக்கமாகிவிடக் கூடியவை. போதைக்காக அவற்றைத் தேடுகிறவர்களும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டால் எந்த டொக்டரும் யோசிக்கத்தான் செய்வார். நாட்பட்ட இடுப்பு வலிக்கு டிரமடோல் வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே அவர் தயங்குவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆனால் காது கொடுத்துக் கேளாமலே இரண்டு பனடோலோடு அனுப்புவது வேறு விஷயம். அதை நாம் ஏற்க முடியாது. நமது வலியைப் பற்றிக் கேட்பது அவரது கடமை. அவர் கேட்கும்படி சொல்வது நமது கையில் இருக்கிறது.

கொழும்பிலோ காலியிலோ வளர்ந்து படித்து வந்த இளம் டொக்டருக்கு நமது வேலை தெரியாது. “பாரம் தூக்காதீங்க, ஓய்வெடுங்க” என்று அவர் சொல்வது அதனால்தான். கூடைக் கயிறு தலையில் விழுந்தால் பாரம் கழுத்திலிருந்து இடுப்பு வரை எப்படி இறங்கும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொழுந்து நிறுக்க நடக்க வேண்டும், பீலியில் இருந்து தண்ணீர்க் குடம் எத்தனை படி ஏற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தான் தெரியும்.

“ரொம்ப வலிக்குது டொக்டர்” என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. கீழே உள்ளபடி சொல்லிப் பாருங்கள்:

“ரெண்டு மாசத்துக்கு முந்தி வேலை மலையில மூட்டையோட சறுக்கி விழுந்தேன் டொக்டர். வலி இடுப்புல இருந்து இடது காலுக்கு இறங்குது. குனிஞ்சா கூடுது, படுத்தா குறையுது. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தூக்கம் இல்ல. முந்தி ஒரு நாளைக்கு பதினெட்டு கிலோ எடுப்பேன், இப்ப பத்து கிலோவோட நிக்க முடியல. இந்தக் குளிசை ஒரு மாசம் குடிச்சேன், வயிறு எரிஞ்சுது.”

அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். எப்போது, எங்கே, எப்படி விழுந்தோம், வலி எங்கே போகிறது, எந்த வேலை முடியவில்லை, இதுவரை என்ன மருந்து எடுத்தோம் என்ற எல்லாமே அதில் வந்துவிடுகிறது. குளிசையின் பெயரைச் சொல்லித் தொடங்காமல் வேலையைச் சொல்லித் தொடங்குங்கள்.

எடுத்த மருந்துகளை மறைக்கவே கூடாது. பழைய டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, குளிசை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். டவுன் கடையில் கடதாசிப் பையில் கட்டிக் கொடுத்த பெயர் தெரியாத குளிசை இருந்தால் அதையும் காட்டுங்கள். டைக்ளோபெனக், இபுபுரூபன் போன்றவை வலியைக் குறைக்கும். ஆனால் காலையில் வெறும் சாயத்தண்ணியோடு மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். பிரஷர், நீரிழிவு, சிறுநீரக வருத்தம் இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் இந்தக் குளிசைகளை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்குவாக இருந்தால் இவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பனடோலுக்கும் அளவு உண்டு. பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகக் கூடாது. குடிப்பழக்கமோ ஈரல் வருத்தமோ உள்ளவர்களுக்கு அந்த அளவும் அதிகம்.

வலி மறக்கச் சாராயம் குடிக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. டிரமடோலோ பிரிகபலினோ எடுத்துக்கொண்டு அதன்மேல் சாராயம் குடித்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப் போகலாம். குடிப்பதை டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

சில அறிகுறிகள் வந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப் போவது, சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, கால் பலம் இழந்து இழுபடுவது ஆகியவை ஆபத்தானவை. உடனே 1990க்குப் போன் செய்யுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பலமாக விழுந்து முதுகு அடிபட்டவரைக் கொழுந்து லொறியில் குலுங்கக் குலுங்க ஏற்றிப் போகும் வழக்கம் இனி நிற்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். வலிக் குளிசை எதற்காக? நிமிர்ந்து நடக்க, தூங்க, உடற்பயிற்சி செய்ய, காயம் ஆறும் வரை தாக்குப்பிடிக்க. நாமோ குளிசையைப் போட்டுக்கொண்டு அதே மூட்டைக்குக் கீழே போய் நிற்கிறோம். வலி அடங்கியிருப்பதால் உடம்பு எச்சரிப்பதும் தெரிவதில்லை. காயம் ஆறாமல் ஆழமாகிறது, குளிசை ஒன்று இரண்டாகிறது. கிலோ குறையாமல் பார்த்துக்கொள்வதற்காக முதுகை விற்கிறோம் என்பதுதான் இதன் அர்த்தம். அதற்காக முழு நேரமும் பாயில் படுத்துக் கிடப்பதும் மருந்தல்ல. முடிந்த அளவு நடமாடினால்தான் முதுகு சீக்கிரம் தேறும்.

ஆகவே புதிய டொக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, இந்தக் குளிசை என்ன, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது. இரண்டாவது, பிசியோதெரபிக்கு அனுப்ப முடியுமா. நுவரெலியா, பதுளை போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு உண்டு, காசு இல்லை. மூன்றாவது, இத்தனை வாரத்துக்குப் பாரம் இல்லாத வேலை கொடுக்க வேண்டும் என்று ஒரு கடிதம். இந்தக் கடிதத்தை நம்மில் பலர் கேட்பதே இல்லை.

அந்தக் கடிதம் கிடைத்தால் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகத் துரையிடம் போக வேண்டாம். ஒரு பிரதி எடுத்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். “எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே, நடிக்கிறாய்” என்று வெளிக்கள உத்தியோகத்தர் சொன்னால் தலைவர் பதில் சொல்வார். தசையும் தசைநாரும் நரம்பும் அடிபட்டால் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது வலி பொய் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

வேலையில் விழுந்தால் வேலையில் விழுந்ததாகவே சொல்லுங்கள். நிர்வாகத்துக்குப் பயந்து “வீட்டுப் படியில விழுந்தேன்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டொக்டர் அதை எழுதிவிட்டால் அதுவே நமக்கு எதிரான சாட்சி. வேலையின்போது ஏற்பட்ட விபத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை 1934ஆம் ஆண்டிலிருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில் இருக்கிறது. விபத்து நடந்த அன்றே நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் அறிவித்து, எழுத்தில் பதியச் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக் குறிப்பில் திகதியும் காரணமும் சரியாக இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கொடுத்து வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக, பாஷை. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியானது. இன்றும் பல தாய்மார் டொக்டரிடம் பேசப் பள்ளிக்கூடம் போகும் மகனைக் கூட்டிப் போகிறார்கள். சிறுநீர் அடைக்கிறது, தொடை நடுவில் மரத்திருக்கிறது என்று ஒரு தாய் மகனின் வாயால் எப்படிச் சொல்வாள்? சொல்லாமல் விடுகிறாள். ஆபத்தான அறிகுறிதான் அப்படி மறைந்து போகிறது. தோட்ட மக்கள் வரும் ஒவ்வொரு அரசாங்க ஆஸ்பத்திரியிலும் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர், அதிலும் பெண் ஒருவர், கிளினிக் நாட்களில் இருக்க வேண்டும் என்பதைச் சங்கம் கோரிக்கையாக வைக்க வேண்டும். டொக்டரின் இலேசான வேலைக் கடிதத்தை ஏற்று, பேர் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும் என்பதைக் கம்பனிகளுடனான பேச்சுவார்த்தையிலும் முன்வைக்க வேண்டும்.

அதுவரை மாதர் சங்கத் தலைவிமார் ஒரு உதவி செய்யலாம். லயத்தில் முதுகு வலியோடு இருக்கும் அக்கா, அத்தை ஒருவர் கிளினிக்குக் கிளம்பும் நாளில் சிங்களம் பேசத் தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்பி வையுங்கள். அவள் அந்த நாள் பேரை இழக்காமல் இருக்கத் தோட்டக் கமிட்டி வழி தேடட்டும்.