தவக்காலத்தில் படம் பார்க்கலாமா, சுவாமி?



திருநீற்றுப் புதன் நெருங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இறைச்சியை விடலாம், மதுவை விடலாம். நெட்ஃபிளிக்ஸை என்ன செய்வது? விட முடிந்தவர்கள் விடுங்கள். அது நல்ல ஒறுத்தல்தான். ஆனால் தவக்காலம் முழுவதும் விட்டுவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு இரவே எட்டுப் பகுதிகளை விடியும்வரை பார்ப்பதாயின், அதனால் ஆன்மாவுக்கு என்ன ஆதாயம் என்று எனக்கு விளங்கவில்லை. பார்ப்பதைக் குறைத்து, குறைவாகப் பார்ப்பதை நன்றாகப் பார்ப்பதே இன்னும் கடினமான ஒறுத்தல் என்பது என் எண்ணம்.

இதனோடு இன்னொரு கேள்வியும் வருகிறது. “இந்தப் படம் நம் திருஅவையை இழிவுபடுத்துகிறது, ஒரு கத்தோலிக்கரும் பார்க்கக் கூடாது, பத்துப் பேருக்கு அனுப்புங்கள்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை எனக்கும் அனுப்பி, “சுவாமி, உண்மையா?” என்கிறீர்கள். அனுப்புகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பதில்லை.

திருஅவைக்குத் திரைப்படம் புதிய விடயமன்று. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936ஆம் ஆண்டிலேயே திரைப்படங்களைப் பற்றித் தனியாக ஒரு சுற்றுமடல் எழுதினார். திரைப்படம் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 1995இல், வத்திக்கான் 45 படங்களைத் தெரிந்தெடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. சமயம், வாழ்வின் விழுமியம், கலை என மூன்று பிரிவுகள். பிரிவுக்குப் பதினைந்து படங்கள். அதன் சமயப் பிரிவில் பசோலினி 1964இல் எடுத்த ‘மத்தேயு நற்செய்தி’ இருக்கிறது. பசோலினி மார்க்சியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். அந்தப் படத்தை அவர் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். படம் எடுத்தவர் யார் என்று பார்த்திருந்தால் அது அந்தப் பட்டியலில் ஏறியிராது.

கடந்த நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ திரைத்துறையினரைச் சந்தித்தார். அதையொட்டித் தமக்குப் பிடித்த நான்கு படங்களைச் சொன்னார். மூன்று, நம்மில் பலரும் எதிர்பார்த்திருக்கக்கூடியவை. நான்காவது, ராபர்ட் ரெட்ஃபோர்ட் இயக்கி 1980இல் வந்த ‘ஆர்டினரி பீப்பிள்’. அதில் ஆலயமும் இல்லை, அற்புதமும் இல்லை. மூத்த மகனைப் படகு விபத்தில் இழந்த ஒரு குடும்பம். சாவிலிருந்து மீண்டு வந்த இளைய மகன். அந்த வீட்டு உணவு மேசையில் எல்லாம் பேசப்படுகிறது, அந்த ஒன்றைத் தவிர. இதைத் திருத்தந்தை ஏன் தெரிந்தார் என்று நான் பல நாள் எண்ணினேன். அந்த வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் செவிமடுப்பதில்லை. படத்தின் முழுத் துயரமும் அதிலிருந்தே வருகிறது.

அன்றிலிருந்து ஒரு படத்தைப் பார்க்கும்போது, திருஅவையை அது உயர்த்திக் காட்டுகிறதா என்று நான் முதலில் பார்ப்பதில்லை. அதில் யார் யாருக்குச் செவிகொடுக்கிறார்கள் என்றே பார்க்கிறேன். அந்த நோக்கில் அண்மையில் பார்த்த சிலவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ‘கான்கிளேவ்’. எட்வர்ட் பெர்கர் இயக்கி 2024இல் வந்த படம். மறுஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்த பின்னர் உலகெங்கும் பலர் இதைத் தேடிப் பார்த்தார்கள். உண்மையான தேர்தலில் 133 கர்தினால்கள் கூடி, மே 8ஆம் நாள் நான்காவது வாக்கெடுப்பிலேயே முடிவு கண்டார்கள். படத்தில் வருவதுபோல் குண்டும் வெடிக்கவில்லை, கூரையும் அதிரவில்லை. திருச்சபைச் சட்டம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் உறுத்தும். திருத்தந்தை தம் உள்ளத்தில் மட்டும் வைத்து நியமித்த கர்தினால் ஒருவர், பெயர் பகிரங்கமாக அறிவிக்கப்படாத நிலையில், திடீரென வந்து வாக்களிக்கிறார். திருத்தந்தை பெயரை வெளியிடாமலே இறந்துவிட்டால் அந்த நியமனத்தால் எந்த உரிமையும் கிடையாது. அந்த விதியை மதித்திருந்தால் கதையே நின்றுபோயிருக்கும்; ஆகவே கதாசிரியரை மன்னிப்போம். இறுதித் திருப்பத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மனிதரின் வாழ்வைப் புதிர்க்கதையின் கடைசிச் சீட்டாகப் பயன்படுத்தியது கலையாகவும் எனக்குத் தாழ்வாகவே பட்டது.

ஆயினும் இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ரால்ஃப் ஃபைன்ஸ் நடிக்கும் கர்தினால் லாரன்ஸ், செபிக்க முடியாமல் தவிக்கும் ஒரு மனிதர். மறையுரையில் அவர், ஐயமே அற்ற உறுதிதான் தமக்கு அச்சம் தருவது என்கிறார். இதை விசுவாசத்துக்கு எதிரான பேச்சு என்று சிலர் கொதித்தார்கள். தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்டிய ஆண்டவர் அப்படிக் கொதிக்கவில்லை. உணவு வேளையில் செபம் சொல்ல அழைக்கப்படும் கர்தினால் பெனிற்றஸ், வழக்கமான செபத்தோடு நிறுத்தாமல், பசித்திருப்போரையும் அந்த உணவைச் சமைத்த அருட்சகோதரிகளையும் நினைத்து மன்றாடுகிறார். மற்றக் கர்தினால்கள் ஒரு கணம் தடுமாறுவதைக் கவனியுங்கள். படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. நம் பங்கு விழாக்களில் மேடையில் எத்தனை பேருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், சமையலறையில் நிற்பவர்களுக்கு?

‘வேக் அப் டெட் மேன்’ வேறு வகை. ரியான் ஜான்சன் எழுதி இயக்கிய கொலைத் துப்பறியும் கதை. கடந்த டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. தாம் இளமையில் கொண்டிருந்த கிறிஸ்தவ நம்பிக்கை இன்று தம்மிடம் இல்லை என்று இயக்குநர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர், அண்மைக் காலத்தில் நான் திரையில் கண்ட மிக உண்மையான குருவைப் படைத்திருக்கிறார் என்பதே எனக்கு வியப்பு.

ஜோஷ் ஓகானர் நடிக்கும் அருட்தந்தை ஜட் முன்னாள் குத்துச்சண்டை வீரர். களத்தில் ஒருவரைக் கொன்ற பாரத்தைச் சுமப்பவர். ஒரு தியாக்கோனைத் தாடையில் குத்தியதற்காகச் சிறிய பங்கு ஒன்றுக்கு அனுப்பப்படுகிறார். (குருக்களே, சிரிக்காதீர்கள்.) அந்தப் பங்கை ஆள்பவர் மொன்சிஞ்ஞோர் விக்ஸ். அவருடைய ஆலயத்தில் பீடத்துக்குப் பின்னால் சிலுவை இல்லை. அது இருந்த இடத்தின் தடம் மட்டுமே சுவரில் தெரிகிறது. புதிதாக யாரேனும் திருப்பலிக்கு வந்தால், அவரைக் குறிவைத்து, அவர் எழுந்து வெளியேறும்வரை விக்ஸ் மறையுரையில் தாக்குகிறார். எஞ்சியிருக்கும் சிறு கூட்டமோ அவரை இன்னும் இறுகப் பற்றிக்கொள்கிறது.

இதை அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோய் என்று நான் கருதவில்லை. “இந்நாட்டுப் பண்பாடு நம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது” என்று புலத்துத் தமிழ்த் திருப்பலிகளில் ஒலிபெருக்கி அதிரப் பேசப்படும் மறையுரைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மூத்தோர் தலையசைப்பார்கள், ‘சுவாமி நல்லாச் சொன்னார்’ என்பார்கள். பின் வரிசையில் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை, தான் பிறந்து வளர்ந்த நாடும் தன் நண்பர்களும் தன் பேச்சும் அழுக்கென்று சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு அது வருவதில்லை. விக்ஸ் செய்வதும் அதையேதான். அவர் ஆளைப் பார்த்துச் செய்கிறார், நாம் பார்க்காமலே செய்கிறோம்.

படத்தின் நடுவில் ஒரு தொலைபேசி உரையாடல் வருகிறது. துப்புத் துலக்கும் வேகத்தில், ஒரு நிறுவனத்தில் பணியாற்றும் லூயிஸ் என்ற பெண்ணிடம் ஜட் ஒரு சிறு தகவல் கேட்கிறார். அவர் வளவளவென்று பேசிக்கொண்டே போகிறார். அரங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திடீரெனக் குரல் மாறி, “எனக்காகச் செபிப்பீர்களா, சுவாமி?” என்கிற பொருளில் கேட்கிறார். அவருடைய தாய் மரணப்படுக்கையில். தாயும் மகளும் மனம் முறிந்து பேசியிருக்கிறார்கள். அந்தக் கணத்தில் கொலை, சந்தேகம், ஓட்டம் எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஜட் தனி அறைக்குச் சென்று அந்தப் பெண்ணோடு செபிக்கிறார். உலகப் புகழ்பெற்ற துப்பறிவாளர் வெளியே காத்திருக்கிறார், இருட்டிவிடுகிறது. அந்தக் காட்சியால் கதைக்கு எந்தப் பயனும் இல்லை. வணிகப் படமொன்று தன் கதையை நிறுத்திவைத்து, முன்பின் அறியாத பெண்ணொருத்தியின் துயருக்கு அத்தனை நேரம் கொடுத்ததை நான் இதற்கு முன் கண்டதில்லை. குருத்துவப் பயிற்சியில் எத்தனையோ பாடங்கள் படித்தோம். அவற்றின் சாரம் இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. புனிதர்களைப் பற்றிய பல பக்திப் படங்களில், புனிதர் எதையும் செய்யுமுன்பே வயலின் அழத் தொடங்கிவிடும். நமக்குச் செய்ய ஒன்றும் இராது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பாவசங்கீர்த்தனக் காட்சிகளில் கொச்சையான பேச்சு உண்டு. சிறுவர்களோடு அமர்ந்து பார்க்கும் படமன்று.

அடுத்தது, பெற்றோர் அனைவரும் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது: ‘அடொலசன்ஸ்’. இந்தப் பிரித்தானிய மண்ணிலேயே நடக்கும் கதை. 2025 மார்ச்சில் வந்த நான்கு பகுதித் தொடர். ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாமல் ஒரே காட்சியாகப் படமாக்கப்பட்டது. அதிகாலையில் பொலிஸார் ஒரு சாதாரண வீட்டின் கதவை உடைத்து நுழைந்து, பதின்மூன்று வயது ஜேமியைக் கொலைக் குற்றத்துக்குக் கைது செய்கிறார்கள். கொல்லப்பட்டவள் அவனுடைய பாடசாலையில் படித்த கேட்டி. தந்தை எடி குழாய்வேலை செய்பவர்; உழைப்பாளி. ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு எம்மி விருது கிடைத்தபோது வயது பதினைந்து. இந்நாட்டு இடைநிலைப் பாடசாலைகளுக்கு இத்தொடர் இலவசமாகத் தரப்பட்டதை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். நீங்கள் அறிவீர்களோ தெரியாது.

இரண்டாம் பகுதியில், விசாரிக்கும் அதிகாரியின் சொந்த மகன் அதே பாடசாலையில் படிக்கிறான். இன்ஸ்டகிராமில் பிள்ளைகள் இடும் சிறு படக்குறிகளுக்கு என்ன பொருள் என்று அவன் தந்தையைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தை நட்பென்று எண்ணிய குறிகள் உண்மையில் கொடிய ஏளனம். துப்பறிவதையே தொழிலாகக் கொண்டவர், தம் மகன் வாழும் உலகின் எழுத்தே தெரியாதவர். நாமோ இன்னும் ஒரு படி பின்னால் நிற்கிறோம்: பிள்ளை சிந்திக்கும் மொழி ஒன்று, நாம் கண்டிக்கும் மொழி வேறு.

நான்காம் பகுதி பதின்மூன்று மாதங்கள் கழித்து, தந்தையின் ஐம்பதாவது பிறந்தநாளில் நடக்கிறது. எடியின் தந்தை அவரைப் பட்டியால் அடித்தவர். தாம் அப்படி இருக்கமாட்டேன் என்று எடி உறுதி பூண்டார். அந்த உறுதியைக் காப்பாற்றியும் இருக்கிறார். மகன் வீட்டில்தான் இருந்தான், தன் அறையில்தான் இருந்தான், பாதுகாப்பாக இருக்கிறான் என்றே எண்ணினோம் என்று கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும்போது எனக்கு நம் வீடுகள் நினைவுக்கு வந்தன. “சுவாமி, எங்கட பிள்ளை வெளியில சுத்தமாட்டான், அறைக்குள்ளதான்” என்று எத்தனை தாய்மார் பெருமையோடு சொல்லியிருக்கிறார்கள்! போரிலும் வறுமையிலும் தாம் பட்டது பிள்ளை படக் கூடாது என்று இரவு வேலைக்கும் போய்ப் பிள்ளைக்கென்று தனி அறையும் கணினியும் வாங்கிக் கொடுத்த தந்தையர் நம்மிடையே பலர். அவர்களை இத்தொடர் குற்றவாளிகளாக்கவில்லை. எடியைப் போலவே அன்பாகத்தான் பார்க்கிறது. ஆனால் அந்த மூடிய கதவைத் தட்டச் சொல்கிறது.

ஒரு குறையும் உண்டு. கொல்லப்பட்ட கேட்டியின் வீட்டுக்குள் தொடர் ஒருமுறைகூட நுழைவதில்லை. எல்லோரும் நினைவில் வைக்கப்போவது கொன்றவனைத்தான் என்று ஒரு பெண் அதிகாரி வருந்துகிறார். தொடருக்கே அந்தக் குறை தெரிகிறது, ஆனால் திருத்திக்கொள்ளவில்லை. பார்க்கும்போது அந்தப் பிள்ளைக்காகவும் ஒரு கணம் நில்லுங்கள்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். இலங்கையிலிருந்து தப்பிச் சென்னை வந்த குடும்பம், பேச்சு தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வாய் திறக்க அஞ்சுவதைப் பார்த்து நாம் எல்லோரும் கலங்கினோம். அதைப் பற்றிப் போதிய அளவு பேசியும் விட்டோம். நம் தமிழ் மறைக்கல்வி வகுப்பில், உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிடுவார்களோ என்று வாய் திறக்க அஞ்சும் பிள்ளைகளைப் பற்றி இன்னும் பேசவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் மண்டபத்தில் தேநீரும் பணிஸும் இருக்கும். முதல் இரண்டு வெள்ளி ‘அடொலசன்ஸ்’ பற்றிப் பேசுவோம். பெற்றோர் நான்கு பகுதிகளையும் வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள்; பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்தே பாருங்கள். முதலில் இளையோர் பேசுவார்கள், எந்த மொழியிலும் பேசலாம். அவர்கள் முடிக்கும்வரை பெரியோர் யாரும், நானும் உட்பட, இடையில் பேசுவதில்லை என்பது ஏற்பாடு.