தண்ணீரைத் தள்ளும் சக்கரம்

தீயணைப்பு வண்டி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு வீதியில் விரையும்போது நாம் அனைவரும் ஒதுங்கி நின்று பார்க்கிறோம். சிவப்பு வண்ணமும், மேலே கட்டப்பட்ட ஏணியும், தலைக்கவசம் அணிந்த வீரர்களும் நம் கண்ணில் படுகின்றனர். ஆனால், அந்த வண்டிக்கு உயிர்நாடியாக விளங்கும் பொருள் நம் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. அதுவே தண்ணீரை இறைத்துத் தள்ளும் பம்பு. அதைப் பற்றி இத்திங்களில் சிறிது அறிந்துகொள்வோம். நம் வீடும் ஆலயமும் பள்ளியும் காக்கப்படுவதற்கு இந்த அறிவு ஒருநாள் உதவக்கூடும்.

மதுரை மக்களாகிய நமக்குத் தீயின் கொடுமையைப் பற்றி எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் இரவில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகளில் தீப்பற்றியது. பல தலைமுறைகளாக நின்ற கருங்கல் தூண்களும் அந்த வெப்பத்தைத் தாங்கவில்லை. 2020ஆம் ஆண்டு நவம்பரில், தீபாவளியையொட்டிய இரவில், விளக்குத்தூண் பகுதியில் ஒரு துணிக்கடை எரிந்தது. அதை அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்கள் மீது பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. இருவர் உயிர் நீத்தனர். பிறர் உடைமையைக் காக்கச் சென்றவர்கள் தங்கள் இல்லங்களுக்குத் திரும்பவில்லை.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் பெரிய தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர் நீர் இருக்கும். ஒரு வீரர் கையிலுள்ள நாசில் வழியாக நிமிடத்திற்கு 450 லிட்டர் நீர் பாய்கிறது என்று கொள்வோம். பத்தே நிமிடங்களில் தொட்டி வறண்டுவிடும். இரண்டு நாசில்களைத் திறந்தால் ஐந்து நிமிடங்கள். அவ்வகை வண்டியின் பம்பு நிமிடத்திற்கு 1,800 லிட்டர் வரை தள்ளும் ஆற்றல் உடையது. முழு ஆற்றலுடன் இயக்கினால் இரண்டரை நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். எனவே, வண்டியில் கொண்டுவரும் நீர் முதல் தாக்குதலுக்கு மட்டுமே. அது தீருமுன் வேறோர் இடத்திலிருந்து நீரைக் கொணர்ந்தாக வேண்டும். அந்தப் பணியையும் பம்பே செய்கிறது.

பம்பின் வரலாறு மிகப் பழைமையானது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்பே, அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தெசிபியுஸ் என்பவர் உந்துதண்டினால் நீரைத் தள்ளும் பம்பை அமைத்தார். பல நூற்றாண்டுகள் கடந்து, 1672ஆம் ஆண்டளவில் ஆம்ஸ்டர்டாம் நகரில் யான் வான் டெர் ஹைடன் என்னும் ஓவியர் தோலினால் நீண்ட குழாய் செய்து பம்புடன் இணைத்தார். அதன் பின்னரே நீரைத் தீயின் அருகே கொண்டு சென்று பாய்ச்ச முடிந்தது. அக்காலத்துப் பம்புகளை மனிதர் பலர் சேர்ந்து கைகளால் இயக்கினர். இன்று வண்டியை ஓட்டும் எஞ்சினே பம்பையும் சுழற்றுகிறது.

இக்காலப் பம்பின் தத்துவம் எளியது. நனைந்த குடையை விரித்து வேகமாகச் சுழற்றினால் நீர்த்துளிகள் விளிம்பிலிருந்து நாற்புறமும் தெறிக்கின்றன அல்லவா? அதே தத்துவந்தான். நத்தைக் கூடு போன்ற உலோக உறை ஒன்றனுள் இம்பெல்லர் என்னும் துடுப்புச் சக்கரம் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. நடுவில் நுழையும் நீர் விளிம்பை நோக்கி வீசப்படுகிறது. உறையின் பாதை சிறிது சிறிதாக அகன்று செல்வதால் நீரின் வேகம் குறைந்து அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தமே நீரைக் குழாய் வழியாகத் தள்ளிச் செல்கிறது. வீரர் திடீரென்று நாசிலை மூடினாலும், சக்கரம் உள்ளிருக்கும் நீரையே கடைந்துகொண்டிருக்கும். ஆனால், நெடுநேரம் அவ்வாறு விட்டால் அந்த நீர் கொதித்துப் பம்பு பழுதாகும்.

இப்பம்புக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது நீரைத் தள்ளுமேயன்றிக் காற்றைத் தள்ளாது. நம் சிற்றூர்களில் கிணற்றுப் பம்பு செட்டை ஓட்டுவதற்கு முன் குடத்தால் நீர் ஊற்றிக் குழாயை நிரப்புவதை நாம் கண்டிருக்கிறோம். காற்று இருந்தால் மோட்டார் வெறுமனே ஓடும், தண்ணீர் ஏறாது. தீயணைப்பு வண்டியில் குடத்துக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் சிறு கருவி ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அதைப் பிரைமர் என்பர். வண்டியின் சொந்தத் தொட்டியிலிருந்து நீர் எடுக்கும்போது பிரைமர் தேவையில்லை. நீர் தானாகவே பம்பினுள் இறங்கும். கண்மாயிலிருந்தோ குளத்திலிருந்தோ எடுக்கும்போதுதான் அது வேண்டும்.

இங்கே ஓர் இயற்கை விதி குறுக்கே நிற்கிறது. பம்பு நீரைத் தன்னை நோக்கி இழுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை மட்டும் அகற்றுகிறது. வெளியே நீர்ப்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலமே நீரை மேலே ஏற்றுகிறது. வளிமண்டலம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு மேல் நீரைத் தாங்காது. இத்தாலி நாட்டு அறிஞர் தொரிசெல்லி 1640களில் விளக்கிய உண்மை இது. குழாயின் உராய்வையும் சிறு கசிவுகளையும் கணக்கிட்டால், நடைமுறையில் 7 மீட்டர் ஆழம் வரை எடுக்கலாம். எத்தனை விலையுயர்ந்த எஞ்சினாலும் இந்த எல்லையைக் கடக்க இயலாது.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் வாழ்வோர் இதை மனத்தில் பதிக்க வேண்டும். கோடையில் நம் கிணறுகளில் நீர் நாற்பது, ஐம்பது அடிக்குக் கீழே சென்றுவிடுகிறது. கரையில் நிற்கும் வண்டி அந்த நீரை எடுக்க இயலாது. கண்ணெதிரே கிணறு இருந்தும் வைக்கோற்போர் எரிந்து சாம்பலாகலாம். அத்தகைய வேளையில் உழவரின் பம்பு செட்டே துணை. நிமிடத்திற்கு 300 லிட்டர் தரும் மோட்டார், வறண்ட தொட்டியைக் கால்மணி நேரத்தில் நிரப்பிவிடும். ஆகவே, பம்பு செட்டுக்குச் செல்லும் வழியும், அதன் குழாய் வண்டிக்கு எட்டுமா என்பதும் முன்னரே தெரிந்திருப்பது நலம்.

இனி, பம்பை இயக்குபவரின் பணியைக் காண்போம். முதலில் அவர் வண்டியை உறுதியான தரையில் நிறுத்தி, எஞ்சினின் சக்தி சக்கரங்களுக்குச் செல்லாமல் பம்புக்குச் செல்லுமாறு மாற்றுகிறார். குளத்து நீர் எனில், தடித்த உறிஞ்சு குழாய்களைக் காற்றுப் புகாதவாறு இணைக்கிறார். அதன் நுனியிலுள்ள வடிகட்டி நீரினுள் நன்கு மூழ்கியிருக்க வேண்டும், சேற்றையும் தொடக்கூடாது. பிரைமரை இயக்கியதும் மானியின் முள் வெற்றிடத்தைக் காட்டுகிறது. நீர் ஏறியதும் அழுத்தமானியின் முள் உயர்கிறது. அப்போது வெளிவழி வால்வை மெதுவாகத் திறக்கிறார். திடீரென்று திறந்தால், குழாயினுள் பாயும் நீர் மறுமுனையில் நிற்பவரைத் தூக்கி எறிந்துவிடும்.

எவ்வளவு அழுத்தம் கொடுப்பது? இதில்தான் அவருடைய திறமை வெளிப்படுகிறது. நீரை 10 மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் செலவாகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியை எட்டுவதற்கே 5 கிலோவுக்கு மேல் தேவை. பம்பு வழக்கமாகத் தருவது 7 கிலோ. குழாயின் உராய்வு எஞ்சியதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஒரே குழாயில் இருமடங்கு நீரை அனுப்பினால் உராய்வு இழப்பு நான்கு மடங்காகும். குழாய் எங்கேனும் மடங்கினாலோ, அதன்மீது வாகனம் ஏறினாலோ நிலைமை இன்னும் மோசமாகும். இவை அனைத்தையும் மனக்கணக்காகப் போட்டு அவர் எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார்.

பெரும்பாலும் அவர் தீயைக் காண்பதே இல்லை. தெருமுனையில் நின்று மானிகளை மட்டுமே கண்காணிக்கிறார். உள்ளே சென்ற தோழர்கள் புகையில் தவழ்ந்துகொண்டிருப்பர். அவர்களுக்கும் நெருப்புக்கும் இடையே இருக்கும் ஒரே தடுப்பு நீர்த்தாரை. தொட்டி வறள்வதை அவர் கவனிக்கத் தவறினால், வடிகட்டியை இலைச்சருகு அடைத்தால், அந்தத் தடுப்பு நொடியில் மறைந்துவிடும். அவருடைய கவனத்தில் தோழர்களின் உயிர் இருக்கிறது என்றால் மிகையாகாது.

தாரையாக அடிப்பதை விடுத்துச் சிறு துளிகளாகத் தெளிப்பதையும் நாம் பார்த்திருப்போம். காரணம் இதுதான். ஒரு லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதை முற்றிலும் ஆவியாக்கவோ சுமார் 540 கிலோ கலோரி வேண்டும். ஆகவே, ஆவியாகும் நீரே தீயின் வெப்பத்தைப் பெரிதும் கவர்கிறது. துளிகள் சிறியனவாக இருந்தால் விரைவில் ஆவியாகும். குறைந்த நீரில் அதிகப் பயன் கிட்டும்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், புனித வாரத்தில், பாரிஸ் மாநகரின் நோத்ருதாம் பேராலயம் எரிந்ததை உலகமே கண்டு கலங்கியது. கூரை வீழ்ந்தது; கோபுர ஊசி சரிந்தது. ஆயினும், மணிக்கூண்டுகள் இரண்டும் காக்கப்பட்டன. பேராலயத்தின் அருகே ஓடும் சேன் நதியிலிருந்து பம்புகள் நீரை எடுத்துத் தந்தன. நம் வைகை ஆண்டின் பல திங்கள்கள் மணலாகவே கிடக்கிறது. ஆகவே, நமக்குக் குளங்களும் கண்மாய்களும் நிலத்தடித் தொட்டிகளுமே சேன் நதியாக வேண்டும்.

இதிலே பங்குக் குடும்பங்களாகிய நமக்கும் கடமைகள் உண்டு. ஆலயத்திலும் பள்ளியிலும் உள்ள நிலத்தடித் தொட்டியை ஒருபோதும் வறள விடலாகாது. அதன் மூடி எளிதில் திறக்கக் கூடியதாயிருத்தல் வேண்டும். திருவிழாப் பந்தலும் கொடித் தோரணமும் பெரிய வண்டி நுழையும் வழியை அடைக்கலாகாது. மாசி வீதிகளைச் சூழ்ந்த சந்துகளில் வாகனங்களை இருமருங்கும் நிறுத்திவிட்டு, தீயணைப்பு வண்டி தாமதித்து வந்தது என்று குறை கூறுவது முறையாகுமா? 101 என்னும் எண்ணை அழைக்கும்போது, இடத்தையும் அடையாளத்தையும் மட்டுமன்றி, தெரு எவ்வளவு அகலம், அருகே நீர் எங்கே உள்ளது என்பவற்றையும் தெளிவாகக் கூறுவோம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம் என்று வந்தவர்களிடம் தெரிவிப்போம். தரையில் கிடக்கும் குழாயை எவரும் மிதிக்காதவாறும், வண்டி எதுவும் அதன்மீது ஏறாதவாறும் காவல் நிற்போம். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை விலக்கும் இளைஞர் ஒருவர்கூட அன்று ஒரு தீயணைப்பு வீரருக்கு நிகராவார்.

304ஆம் ஆண்டளவில் மறைசாட்சியாக உயிர் துறந்த புனித புளோரியனைத் தீயணைப்போரின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றுகிறது. எரியும் வீட்டின்மீது வாளியால் நீர் ஊற்றுபவராக ஓவியர்கள் அவரைத் தீட்டியுள்ளனர். அந்த வாளியின் இடத்தில் இன்று பம்பு நிற்கிறது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்புமுன், நம் ஆலய வாசலில் அத்தகைய வண்டி நுழைய வழியுள்ளதா, அது நீர் எடுக்க இடமுள்ளதா என்று பங்குத் தந்தையோடு சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பார்ப்போம்.