ரேம் விலை எகிறிடுச்சு... கேமிங் பிசி இப்பவே அசெம்பிள் பண்ணலாமா, காத்திருக்கலாமா?

‘ரேம்தானே... அப்புறம் போட்டுக்கலாம்!’ - சொந்தமா பிசி அசெம்பிள் பண்ற எல்லாரும் ஒரு கட்டத்துல சொல்ற டயலாக் இது. பட்ஜெட் இடிச்சா முதல்ல கை வைக்கிற இடமும் ரேம்தான். 8 ஜிபி-யில ஆரம்பிச்சு, போனஸ் வந்ததும் இன்னொரு 8 ஜிபி செருகிக்கிட்டவங்க நம்மள்ல ஏராளம். ஆனால், 2025-ன் கடைசி மாதங்களில் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. டி.டி.ஆர் 5 ரேம்களின் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த வருடத்தின் நடுவில் கொட்டேஷன் வாங்கி வைத்தவர்கள், அதே பட்டியலோடு மறுபடி கடைக்குப் போனபோது, ‘சார், இது பழைய ரேட்’ என்ற பதிலைத்தான் கேட்டார்கள்.

இது வெறும் விளையாட்டு சமாசாரம் இல்லை. பகலில் வீடியோ எடிட்டிங், கோடிங், த்ரீ-டி மாடலிங்; ராத்திரி இரண்டு மேட்ச் வேலரன்ட். இப்படி ஒரே மெஷினில் சம்பாத்தியமும் பொழுதுபோக்கும் நடக்கிற வீடுகள் இன்று நிறைய. முதல் வருட சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு, அல்லது மாதாமாதம் கட்டப்போகும் இ.எம்.ஐ. எதுவாக இருந்தாலும், தப்பான பார்ட்டில் போட்டால் அடுத்த நாலைந்து வருடம் அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

ஏன் திடீர்னு இப்படி?

உலகத்தின் ரேம் சிப்களில் பெரும்பங்கைத் தயாரிப்பது மூன்றே மூன்று நிறுவனங்கள்: சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான். ஏ.ஐ டேட்டா சென்டர்களில் ஓடும் சிப்களுக்கு எச்.பி.எம் என்ற அதிவேக மெமரி தேவை. ஒரே அளவு மெமரியை எச்.பி.எம்-ஆகத் தயாரிக்க, டி.டி.ஆர் 5-க்கு ஆவதைப்போல சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபர் செலவாகிறது. அதில் லாபமும் அதிகம். ‘நமக்கு எதுக்கு சில்லறை வியாபாரம்?’ என்று கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்வதில் ஆச்சர்யமில்லை.

2025 அக்டோபரில் ஓபன் ஏ.ஐ நிறுவனம், சாம்சங் மற்றும் எஸ்.கே.ஹைனிக்ஸுடன் கைகோத்தது. அப்போது சொல்லப்பட்ட இலக்கு, மாதத்துக்கு 9 லட்சம் வேஃபர்கள். அடுத்த அடி, டிசம்பர் 3 அன்று விழுந்தது. நம்மூர் கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைத்த ‘குருஷியல்’ பிராண்டை, அதாவது பொதுமக்களுக்கு நேரடியாக ரேம், எஸ்.எஸ்.டி விற்கும் தொழிலையே மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது. 29 வருட பிராண்ட் அது!

‘குஜராத்துலதான் மைக்ரான் ஆலை வருதே, நமக்குக் குறையாதா?’ என்று கேட்கலாம். சனந்தில் அமைவது, வெளியே தயாரான சிப்களை பேக்கேஜ் செய்து பரிசோதிக்கும் ஆலை. சிலிக்கான் வேஃபரில் மெமரியை உருவாக்கும் ஆலை அல்ல. அதனால், இந்தத் தட்டுப்பாட்டுக்கு அது மருந்தாகாது.

காத்திருந்தா குறையுமா?

மெமரி தொழில் எப்போதுமே ராட்டினம் மாதிரி. 2023-ல் ரேம் வாங்க ஆளில்லாமல் விலை சரிந்து, சாம்சங்கே உற்பத்தியைக் குறைத்தது. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தால் ஹார்டு டிஸ்க் விலை எகிறியது. 2021-ல் கிரிப்டோ மைனிங்கால் கிராபிக்ஸ் கார்டு கண்ணில் காட்டவே இல்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும், மைனர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக விற்றுத்தள்ளினார்கள். ஆக, ஏறியது ஒருநாள் இறங்கும். ஆனால், எப்போது என்பதுதான் பிரச்னை. புதிய சிப் ஆலையைக் கட்டி, மெஷின்களை நிறுவி, உற்பத்தி எடுக்க வருடக்கணக்காகும். ‘பொங்கல் ஆஃபர்ல குறைஞ்சிடும்’ என்று காத்திருக்கும் விஷயமில்லை இது.

எனவே, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். இந்த மெஷின் இல்லாததால் உங்களுக்கு மாதாமாதம் ஏதாவது வேலை, வருமானம், படிப்பு கைநழுவுகிறதா? ஆமென்றால், காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. தேவையான அளவுக்கு இப்பவே வாங்கிவிடலாம். விளையாட மட்டும்தான் என்றால், கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது தோல்வி அல்ல, புத்திசாலித்தனம். குறிப்பாக, ‘ஜி.டி.ஏ 6 வருது, அதுக்காகத்தான்’ என்பவர்கள் கவனிக்க: ராக்ஸ்டார் 2026 நவம்பர் 19 என்று தேதி அறிவித்தது பிளே ஸ்டேஷன் 5 மற்றும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்குத்தான். அந்த அறிவிப்பில் பிசி இல்லை!

முதல்ல வேலையை எழுதுங்க, அப்புறம் பார்ட்டை எழுதுங்க

பலர் பிராசஸர் பெயரிலிருந்து ஆரம்பிப்பார்கள். ‘ஐ7-ஆ, ரைஸன் 7-ஆ?’ என்று. உண்மையில் ஆரம்பிக்க வேண்டியது மானிட்டரிலிருந்தும், நீங்கள் தினமும் திறக்கும் சாஃப்ட்வேரிலிருந்தும்தான்.

ஃபுல் எச்.டி மானிட்டரில் வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி கேம்கள்தான் ஆடுவீர்கள் என்றால், ஆரம்பநிலை கிராபிக்ஸ் கார்டே தாராளம். சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம் வேண்டுமென்றால்தான் கார்டில் காசு போட வேண்டும். பிளெண்டரில் ரெண்டர் எடுப்பவர்களுக்கு என்விடியா கார்டு வேகம் தரும். போனில் எடுத்த வீடியோக்களை எடிட் செய்பவர்களுக்கு, இன்டெல் பிராசஸர்களில் இருக்கும் ‘குயிக் சின்க்’ வசதி நல்ல துணை. ஆனால், பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் சிப்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. அதனால் குயிக் சின்க்கும் கிடையாது. சில நூறு, ஆயிரம் மிச்சமாகிறதே என்று ‘எஃப்’ வாங்கும் எடிட்டர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

கிராபிக்ஸ் கார்டு: ஒரே பெயர், இரண்டு பொருள்

என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ் 5060 டி.ஐ, ஏ.எம்.டி-யின் ஆர்.எக்ஸ் 9060 எக்ஸ்.டி - இரண்டுமே 2025-ல் வந்த நடுத்தர பட்ஜெட் கார்டுகள். இரண்டிலுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வகை உண்டு. பெயர் ஒன்றுதான், பாக்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால், புதிய கேம்களில் டெக்ஸ்ச்சர் அளவை ஏற்றினால் 8 ஜிபி நிரம்பி, கேம் திக்கித் திக்கி ஓடும். ரேமைப்போல இதை அப்புறம் கூட்டிக்கொள்ள முடியாது. கார்டில் ஒட்டியது ஒட்டியதுதான். அதனால் மிச்சம் பிடிக்க வேறு இடம் தேடுங்கள். வேலைக்கும் கேமுக்கும் சேர்த்து வாங்குபவர்கள் 16 ஜிபி-க்கு முயற்சி செய்யலாம். இ-ஸ்போர்ட்ஸ் கேம்கள் மட்டும் என்றால் 8 ஜிபி போதும்.

பிராசஸர், மதர்போர்டு: அடுத்த கதவு திறந்திருக்கட்டும்

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ரைஸன் 5 7600 ஒரு நிதானமான தேர்வு. 6 கோர், உள்ளமைந்த கிராபிக்ஸ், பாக்ஸிலேயே கூலர். கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு சேரும்வரை அது இல்லாமலேயே வேலையை ஓட்டலாம். அது உட்காரும் ஏ.எம் 5 சாக்கெட்டுக்கு 2027-ம் ஆண்டைத் தாண்டியும் ஆதரவு தருவதாக ஏ.எம்.டி சொல்லியிருக்கிறது. மதர்போர்டை மாற்றாமலேயே பிற்பாடு பெரிய பிராசஸர் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

ஆனால், ஏ.எம் 5-க்கு டி.டி.ஆர் 5 ரேம் கட்டாயம். விலை எகிறியிருக்கும் அதே சரக்கு. வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருக்கிறதா, அதில் டி.டி.ஆர் 4 ரேம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ரைஸன் 5 5600, அல்லது டி.டி.ஆர் 4 மதர்போர்டோடு இன்டெல் 12-ம் தலைமுறை ஐ5 என்று போய், அந்த ரேமையே பயன்படுத்தலாம். ‘பழைய டெக்னாலஜிப்பா’ என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் விடுங்கள். ஃபுல் எச்.டி கேமிங்குக்கும் எடிட்டிங்குக்கும் அவை இன்றும் சளைத்தவை அல்ல.

ரேம்: 8+8-ஆ, ஒரே 16-ஆ?

பொதுவாக இரண்டு ரேம் ஸ்டிக் போட்டால்தான் முழு வேகம் கிடைக்கும். அதனால், 16 ஜிபி வேண்டுமென்றால் ‘8+8 போடுங்க’ என்பதுதான் வழக்கமான அட்வைஸ். இன்றைய விலையில் அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிற்பாடு 32 ஜிபி தேவைப்படும் என்று தெரிந்தால், இப்போது ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டு, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம். கேமில் சற்று வேகம் குறையும். ஆனால், விலை இறங்கும்போது அதே மாடல் இன்னொன்றைச் செருகினால் வேலை முடிந்தது. 8+8 போட்டால், இரண்டையும் கழற்றி விற்க வேண்டிவரும். நாலு ஸ்லாட் இருக்கிற போர்டில் கூட, நாலு டி.டி.ஆர் 5 ஸ்டிக் போட்டால் வேகம் குறைந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ஓட்டப்போகிறவர்களுக்கு 8+8-தான் சரி. உள்ளமைந்த கிராபிக்ஸ், ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. ஒற்றை ஸ்டிக்கில் அது மூச்சு வாங்கும்.

ஸ்டோரேஜில் மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது. நொடிக்கு 7,000 எம்பி எஸ்.எஸ்.டி-க்கும் 3,500 எம்பி எஸ்.எஸ்.டி-க்கும் கேம் திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால், முடிந்த புராஜெக்ட்களை அதில் தள்ளிவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்-ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

கேபினெட்டோடு ‘ஃப்ரீ’யாக வரும் எஸ்.எம்.பி.எஸ்-ஐ நம்பி கிராபிக்ஸ் கார்டை மாட்டாதீர்கள். ஆர்.டி.எக்ஸ் 5060 டி.ஐ அதிகபட்சம் 180 வாட்ஸ் இழுக்கும். பிராசஸரும் மற்றதும் சேர்ந்தால் மொத்தம் 300-350 வாட்ஸ். ‘80 பிளஸ்’ பிரான்ஸ் முத்திரையுள்ள, நல்ல கம்பெனி 550 அல்லது 650 வாட்ஸ் போதுமானது. வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் இது உயிர் காக்கும் பார்ட்.

யு.பி.எஸ் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் ‘600 வி.ஏ’-வைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனால் மெஷினும் அதோடு சேர்ந்து போய்விடலாம். 1,000 வி.ஏ என்றால் நிம்மதி. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினெட் பார்க்க அழகு. ஆனால் ஏ.சி இல்லாத அறையில், மே மாத வெயிலில் முன்பக்கம் வலை வைத்த கேபினெட்தான் கைகொடுக்கும்.

கரண்ட் பில்லையும் கணக்கில் சேருங்கள். 350 வாட்ஸில் தினமும் 4 மணி நேரம் என்றால், ஒரு நாளைக்கு 1.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 84 யூனிட். ஸ்லாப் மாறினால் வீட்டில் பஞ்சாயத்து நிச்சயம்!

‘ஐ7, 16 ஜிபி, கேமிங் பிசி’ வலை

விலை ஏறும் நேரத்தில்தான் இந்த விளம்பரங்களும் கூடும். ‘ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், எல்லாமே இந்த விலைக்கு!’ என்று எல்.இ.டி மின்னும். உள்ளே இருப்பது பல நேரங்களில் பத்து வருடத்துக்கும் மேல் பழைய ஐ7. எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லவே மாட்டார்கள். 2013-ல் வந்த நாலாம் தலைமுறை ஐ7-ஐவிட, இன்றைய ஐ3 பல வேலைகளில் வேகமானது. இன்னொரு சிக்கல், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. இன்டெல்லில் 8-ம் தலைமுறைக்கு முந்தைய சிப்களுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது.

செகண்ட் ஹேண்டே கூடாது என்றில்லை. ரேம், பிராசஸர் இரண்டும் எளிதில் கெட்டுப்போகாதவை, தைரியமாகப் பார்க்கலாம். கிராபிக்ஸ் கார்டு என்றால், உங்கள் கண் முன்னால் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கடைக்குக் கிளம்பும்போது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்கள் ஊர் கடையோ, ஆன்லைனோ, குறைந்தது மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ‘16 ஜிபி ரேம், 650 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்’ என்று மொட்டையாக எழுதினால் ஏற்காதீர்கள். ஒவ்வொரு பார்ட்டின் முழு மாடல் பெயரும் இருக்க வேண்டும். மூன்று வரிகளைக் குறிப்பாகப் பாருங்கள்: கிராபிக்ஸ் கார்டின் மெமரி எவ்வளவு, ரேம் எத்தனை ஸ்டிக், எஸ்.எம்.பி.எஸ் எந்த மாடல். கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இப்போதைக்கு ரேம் ரேட் வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது. ஜி.எஸ்.டி பில் இல்லாமல் ‘கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்’ என்றால், வாரண்டியைத்தான் குறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டாமல், கிராபிக்ஸ் கார்டில் மாட்டுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 60 ஹெர்ட்ஸை 144-க்கு மாற்றுங்கள். காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருப்பவர்கள் இன்னமும் நிறைய பேர் இருக்கிறார்கள்!