உடம்பு முடியாத நாளுக்கும் பேர் உண்டா?

2026 வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கியது. அதற்கு மேல் 200 ரூபாவை அரசாங்கம் வருகைக் கொடுப்பனவாகத் தரும் என்றது. 1,750 கைக்கு வருமா, கம்பனிகள் இழுத்தடிக்குமா என்று நிறையப் பேசினோம். வேலைக்கு வரவே முடியாதவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

கந்தப்பளையில் நான் சந்தித்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். காய்ச்சல் வந்துபோய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் அசதி போகவில்லை. ஒருநாள் மலைக்குப் போனால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. தூங்கி எழுந்தாலும் தூங்காதது போலத்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். “சோம்பேறின்னு பேரு வாங்குனதுதான் மிச்சம் தம்பி” என்றார்.

ஓய்வெடுத்தும் தீராத, உழைத்தால் மறுநாள் இன்னும் கூடுகிற களைப்பை வைத்தியத்தில் நாட்பட்ட களைப்பு நோய் என்கிறார்கள். இவருக்கு அதுதானா என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை. இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு, மனச்சோர்வு எல்லாமே களைப்பாக வெளிப்படலாம். அதனால் முதலில் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். இவருக்குக் கிடைத்தது விற்றமின் மாத்திரை மட்டும்.

சிகிச்சை பற்றியும் ஒரு குழப்பம் இருந்தது. 2011இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான பிரித்தானியாவின் ‘பேஸ்’ ஆய்வு, சிந்தனை நடத்தைச் சிகிச்சையும் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் இந்த நோயாளரைத் தேற்றும் என்றது. நோயாளர்களும் சில ஆய்வாளர்களும் அதை விடாமல் கேள்வி கேட்டார்கள். 2021 ஒக்டோபரில் அந்நாட்டின் ‘நைஸ்’ நிறுவனம் வழிகாட்டலையே மாற்றியது. கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சித் திட்டம் வேண்டாம். பேசித் தரும் சிகிச்சை நோயைக் குணப்படுத்தாது, நோயோடு வாழ உதவும் என்றது.

“மனசத் திடப்படுத்துங்க, நடந்தா சரியாகிரும்” என்று அனுப்புவது உளவளத்துணை ஆகாது. எந்த வேலைக்குப் பிறகு உடம்பு விழுகிறது என்று குறித்துப் பார்த்து, விழுவதற்கு முன்பே நிறுத்தப் பழக்க வேண்டும். கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்து விளங்கப்படுத்த வேண்டும். தமிழில் பேசக்கூடியவராக இருந்தால், பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரே இதில் பாதியைச் செய்துவிடலாம்.

ஆனால் 18, 20 கிலோ கேட்கிற மலையில் விழுவதற்கு முன்பு எப்படி நிறுத்துவது? பாதியில் இறங்கினால் அரைப்பேர். வராவிட்டால் சம்பளமும் இல்லை, அந்த 200 ரூபாவும் இல்லை. வைத்தியச் சான்றிதழ் உள்ளவருக்கு எடையைக் குறைத்து முழுப்பேர் போடக் கம்பனியோடு பேசித்தான் ஆக வேண்டும். 200 ரூபா அப்படியல்ல, அது அரசாங்கத்தின் பணம். நோயில் படுத்த நாளுக்கும் அதைத் தரச் சொல்லி, தொழிற்சங்கங்கள் நேரே அமைச்சிடமே கேட்கலாம்.