மேற்படி படிக்கத் தெரியுமா?

பரணில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். தமிழ் வருஷத்தின் பெயரை அடுத்து ௵, மாதத்தை அடுத்து ௴, தேதியை அடுத்து ௳. வருடம், மாதம், நாள் என்று படிக்க வேண்டும். பழைய பத்திரங்களில் இன்னொன்று வரும்: ௸. மேற்படி. கணக்குப்பிள்ளையின் பேரேட்டிலோ பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹. எழுதிய கைக்குக் கிடைத்த சிக்கனம்.

இந்தச் சிக்கனத்தில் ரோமானியர்கள் நமக்கு அண்ணன்கள். கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் உளி பிடிக்க வேண்டுமே! 'எஸ்.பி.க்யூ.ஆர்.' என்றால் ரோமின் செனட் சபையும் மக்களும். கல்லறையில் 'டி.எம்.' என்றிருந்தால், இறந்தோரின் ஆவிகளுக்கு. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயில் முகப்பில் 'எம். அக்ரிப்பா எல். எஃப்.' என்று வெட்டியிருக்கிறது. லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா என்று அர்த்தம். நம் இனிஷியல் மாதிரியே, தகப்பன் ஒரே எழுத்தில் அடங்கிவிட்டார்.

இதே சுருக்கங்கள் ரோமானியக் காசுகளில் ஏறி, மிளகு வாங்க நம் கரைக்கும் வந்தன. 1898ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு. பரவாயில்லை. முகம் போனாலும், எழுத்து புரியாவிட்டாலும் தங்கம் தங்கம்தான்.

காகிதத்துக்கு அந்த வசதி கிடையாது. படிக்க ஆள் இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

போடிமெட்டைத் தாண்டிப் போனால் இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறை. ஏலக்காய் மலை. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைப்பவர்களில் தமிழர்கள் ஏராளம். கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால், 1950ல் ஜனாதிபதி உத்தரவு வருவதற்கு முன்பே தங்கள் முன்னோர் அங்கே குடியிருந்தார்கள் என்று இவர்கள் காட்டியாக வேண்டும். பேரனின் படிப்பும் வேலையும் தாத்தா விட்டுப்போன ஒரு தாளில் தொங்குகின்றன.

அந்தத் தாளில் 'சர்வதாரி ௵ தை ௴' என்று இருந்தால்? தெரிந்தவருக்கு அது 1949 ஜனவரி, பிப்ரவரி. உத்தரவுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் முந்தியது. தெரியாதவருக்கு ஏதோ கிறுக்கல். '௸யார்' என்ற இடத்தில் முன்வரியில் இருக்கும் தாத்தாவின் பெயரைப் பொருத்திப் படிக்க வேண்டும். மலையாளம் மட்டும் படித்த அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் படித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

லத்தீன் பேச்சுமொழியாக இல்லாமல் போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் 1853ல் மாம்சன் பொறுப்பில் பெர்லினில் தொடங்கிய கல்வெட்டுத் தொகுப்பு வேலை இன்றும் நடக்கிறது. ஒரு சுருக்கம் புரியவில்லையா, பட்டியலைப் புரட்டினால் விடை கிடைக்கும். நம் குறிகளுக்கும் 2003ல் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. பின்னங்களுக்கும் பழைய நில அளவுகளுக்கும் உரிய குறிகள் 2019ல் சேர்ந்தன. ஆக, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டுவிட்டது.

மிச்சம் இருப்பது மனிதர்கள். எட்டுப் பத்துக் குறிகள், அறுபது வருஷப் பெயர்கள், அவற்றுக்கு நேரே ஆங்கில வருஷங்கள். மலையாள விளக்கத்தோடு ஒரே தாளில் அச்சடித்து எல்லையோரத் தாலுகா அலுவலகங்களின் சுவரில் ஒட்டிவிடலாம். பெரிய செலவில்லை. அதுவரை, உங்கள் வீட்டுப் பெட்டியில் இப்படி ஒரு தாள் இருந்தால், படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே உட்காரவைத்து, சுருக்கங்களை விரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.